மெழுகில் பிறந்த வெண்கலம்

தோலைத் தொட்டுப் பார்த்தே அதன் பதத்தைச் சொல்லிவிடும் முதியவர்களை நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தார் நன்கறிவர். அவர்தம் அறிவு எந்த ஏட்டிலும் ஏறியதில்லை. எந்தக் கல்லூரியும் அவர்களை ஆசிரியராய் அழைத்ததுமில்லை. அத்தகையோரைத் தேடிச் சென்று மாணவியாய் அமர்ந்தவர், இந்திய நவீன சிற்பக் கலையின் முன்னோடிப் பெண்மணியான மீரா முகர்ஜி.

1923-இல் கல்கத்தாவில் பிறந்த அம்மையார், டில்லி பாலிடெக்னிக்கில் கலை பயின்றார். சாந்திநிகேதனுக்கு வந்திருந்த இந்தோனேசிய ஓவியர் அஃபாண்டியிடமும் பயிற்சி பெற்றார். பின்னர் 1953-இல் ஜெர்மனியின் மியூனிக் நகர நுண்கலைக் கழகத்திற்குச் சென்றார். ஓவியராகப் போனவரைச் சிற்பத்தின்பால் திருப்பியவர்கள் அங்கிருந்த டோனி ஸ்டாட்லரும் ஹைன்ரிஷ் கிர்ஷ்னரும் ஆவர்.

மேனாட்டுப் படிப்பு முடித்துத் திரும்புவோர் வழக்கமாக நாடுவது பட்டணத்துப் பதவியை. இவரும் சிறிது காலம் பள்ளி ஆசிரியையாய் இருந்தார். ஆனால் மனம் நாடியதோ, மத்திய இந்தியாவின் பஸ்தார் பகுதியிலுள்ள உலோக வார்ப்பாளரை!

அவர்களது முறையைச் சிறிது விளக்க வேண்டும். களிமண்ணால் கரு செய்து, அதன்மேல் மெழுகை நூல் நூலாய்த் திரித்துச் சுற்றி உருவம் அமைப்பர். மேலே மீண்டும் மண் பூசிச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் புகும். ஆறியபின் அச்சை உடைத்தெடுக்க வேண்டும். ஆதலால் ஓர் அச்சில் ஒரே உருவந்தான். பிழை நேர்ந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

இவ்வித்தையைக் கற்றதோடு அவர் நின்றுவிடவில்லை. நாடெங்கும் அலைந்து உலோகக் கைவினைஞரின் வாழ்வையும் தொழில்முறைகளையும் ஆராய்ந்தார். அதன் பயனாய் விளைந்த ஆங்கில நூலை இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனம் 1978-இல் வெளியிட்டது. பெயர் பொறிப்பவன் கலைஞன், பொறிக்காதவன் கூலிக்காரன் என்னும் பாகுபாடு எத்துணை அநீதியானது என்பதை அறிந்தவர் அவர். 1968-இல் குடியரசுத் தலைவர் விருது கிட்டியதுகூடத் தலைசிறந்த கைவினைஞர் என்ற முறையிலேயே. அம்மையாருக்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் வேறில்லை என்பது என் எண்ணம். பத்மஸ்ரீ வந்ததோ 1992-இல்தான்.

படகோட்டிகளும் நெசவாளரும் மீனவரும் அவரது வெண்கலத்தில் உயிர்பெற்றனர். எனினும் பெரும்புகழ் பெற்றது, 1972-இல் உருவான 'கலிங்கத்தில் அசோகர்'. வாகை சூடிய வேந்தனை அன்று, வென்ற களத்தில் மனமுடைந்த மனிதனையே அவர் படைத்தார். ஆளுயரத்தையும் விஞ்சிய அவ்வுருவத்தைப் பல பகுதிகளாய் வார்த்து இணைத்தார். சிற்றுருவங்களுக்கென ஏற்பட்ட ஒரு கிராமத்து முறை, ஒரு பேரரசனின் துயரையே தாங்கி நின்றது.

1998-இல் அம்மையார் காலமானார். டில்லி மௌரியா ஓட்டலில் அந்த அசோகர் நிற்கிறார்.