மாப்பிள்ளைக்கு எந்த உடை? - ஒரு வரலாற்றுப் பார்வை

டில்லியில் நம் வீட்டுக் கல்யாணங்களில் ஜாதகத்துக்கு அடுத்தபடியாக இன்று அதிகம் விவாதிக்கப்படுவது மாப்பிள்ளையின் உடைதான். "ஷெர்வாணிதான் எடுப்பா இருக்கும், வேட்டி ஃபார்மல் இல்லை" என்பான் பையன். "அப்போ நம்ம வழக்கம்?" என்பார் பாட்டி. அந்த வழக்கத்தின் வயதைத் தேடிப் பார்க்க எனக்கு ஆசை வந்தது.

அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் பழந்தமிழர் மணத்தைக் கண்முன் நிறுத்துகின்றன. 86ஆம் பாடலில் பந்தல், மணல், விளக்கு, மணமகளை நீராட்டும் நான்கு மகளிர் எல்லாம் உண்டு. மணமகளின் புத்தாடை 'கோடி' என்ற சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. மணமகனின் உடை? இரு பாடல்களிலும் பேசுபவன் தலைவனே. தன் உடையைப் பற்றி மட்டும் அவன் வாய் திறக்கவில்லை! ஆனால் அந்தக் 'கோடி' இன்றும் நம்மிடம் இருக்கிறது. புதுத் துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவாமல் நம் வீடுகளில் யாரும் உடுத்துவதில்லை. வெறும் வெள்ளை மங்கலத்துக்கு ஆகாது என்று முகூர்த்த வேட்டியையே மஞ்சளில் நனைப்பவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் மணக்கோலம் ஒரே மாதிரி இருந்ததில்லை. அந்தணர் இல்லங்களில் பிரம்மசாரியாக இருந்தவன் பஞ்சகச்சம் கட்டுவது கல்யாணத்திலிருந்துதான். கிரகஸ்தன் ஆனதற்கு அந்தக் கட்டே அடையாளம். கடையில் 'ஒன்பது ஐந்து' என்று கேட்கிறோமே, ஒன்பது முழ வேட்டி, ஐந்து முழ அங்கவஸ்திரம் என்று பொருள். காசி யாத்திரைக்குக் குடையும் கைத்தடியும் சேரும். கொங்கு நாட்டு மணங்களில் உருமாலுக்குத் தனி மரியாதை. யாழ்ப்பாணத்து இந்து மணமகனுக்குத் தலைப்பாகை இல்லாமல் கோலம் நிறைவதில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் கோட்டு வந்து சேர்ந்தது. கீழே வேட்டி, மேலே மூடிய கோட்டு, தலையில் பாகை என்று வக்கீல்களும் வாத்தியார்களும் கச்சேரிக்கும் பள்ளிக்கும் போனார்கள். கல்யாணப் புகைப்படங்களிலும் அதே கோலத்தைக் காணலாம். பிறகு ஜானவாசத்துக்கு முழு சூட்டே வந்துவிட்டது. நாதஸ்வரம், காஸ் விளக்கு, திறந்த கார், நடுவே சூட்டில் மாப்பிள்ளை! மறுநாள் காலையில் அதே ஆள் பஞ்சகச்சத்தில் மணையில் உட்காருவார்.

இதில் வேடிக்கை மட்டும் இல்லை. அந்த சூட்டுக்குப் பணம் கொடுத்தது பெரும்பாலும் பெண் வீடு. ஒரே ஒரு மாலைக்காகத் தைத்து, பிறகு பெட்டியில் பூச்சி அரித்த சூட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகக் கடன் வாங்கிய தகப்பனார்களையும் பார்த்திருக்கிறேன். 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. 'மாப்பிள்ளை உடுப்பு' என்ற பெயரில் பலர் அதைச் சுலபமாகத் தாண்டிப் போனார்கள்.

1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணம் சடங்குகளை விலக்கியது. 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் செல்லுபடியும் பெற்றது. அந்த மேடைகளிலும் மணமகன் வேட்டி, சட்டை, துண்டோடுதான் நின்றார். சடங்கை விட்டவரும் விடாதவரும் சேர்ந்து காத்த உடை அது.

அப்படிப்பட்ட வேட்டிக்குத் தமிழ்நாட்டிலேயே கதவடைப்பு நேர்ந்தது. 2014 ஜூலையில் சென்னை கிளப் ஒன்றில் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் இதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். 'ஃபார்மல் இல்லை' என்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன விதி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த ஒரு உதாரணமே போதும்.

ஷெர்வாணியை நான் குறை சொல்லவில்லை. அதுவும் 19ஆம் நூற்றாண்டில் வடநாட்டு அங்கியும் ஐரோப்பியக் கோட்டும் கலந்து உருவானதுதான். வரவேற்புக்குப் பையன் ஆசைப்பட்டால் போட்டுக்கொள்ளட்டும். தை மாத டில்லிக் குளிருக்கு அது இதமும்கூட. முகூர்த்தத்துக்கு ஒரு வேட்டியும் அங்கவஸ்திரமும் இருக்கட்டும். கட்டும் விதத்தை ஒரு வாரம் முன்னாலேயே பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். முக்கியமாக, எந்த உடையானாலும் அதன் பில் பெண் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.