வெந்நீரின் சுமை

கள்ளக்குறிச்சியில் உள்ள எங்கள் வீட்டின் பழைய மின் கீசர் சென்ற மார்கழியில் ஓய்ந்தது. கழற்றிப் பார்த்தபோது உட்கலத்தைத் துரு தின்றிருந்தது. சூடேற்றும் கம்பியின்மேல் சுண்ணாம்பு விரற்கடை கனத்திற்குப் படிந்திருந்தது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரைக் காய்ச்சக் காய்ச்ச நேர்வதுதான் இது. அடுத்து எதை வாங்குவது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மறுபடியும் மின்சாரமா, எரிவாயுவா, சூரியனா? பரணில் கிடக்கும் செம்பு பாய்லரை இறக்கினால் போதும் என்பது பெரியவர்களின் கட்சி. இந்த விவாதம் எங்களை வெந்நீரின் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

குறுந்தொகையின் 277ஆம் பாடலை நண்பர்கள் அறிவார்கள். தலைவன் திரும்பும் பருவம் எப்போது வரும் என்று அறிவரிடம் கேட்கும் தோழி, பனிக்காலத்தில் அவருக்குச் சேமச்செப்பில் வெந்நீர் கிடைக்கட்டும் என வாழ்த்துகிறாள். அது குடிப்பதற்கான நீர்தான். எனினும் வெந்நீரைக் காய்ச்சினால் மட்டும் போதாது, அதன் சூட்டைக் காக்கவும் வேண்டும் என்று நம்மவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். அந்த நீரைக் காய்ச்சியவர் யார், விறகு எங்கிருந்து வந்தது என்பதைப் பாடல் சொல்வதில்லை. வெந்நீர்க் கதையில் எப்போதும் விடுபட்டுப் போவது அதுதான்.

செம்பு பாய்லர் ஓர் அருமையான கருவி. நடுவில் நெருப்புக்குழாய், அதைச் சுற்றி நீர். திறந்த அடுப்பில் பக்கவாட்டில் வீணாகும் வெப்பத்தின் பெரும்பகுதியை இது நீருக்கே கொடுத்துவிடும். ரஷ்யர்களின் சமோவாருக்கும் இதே அமைப்புதான். எங்கள் பக்கத்தில் அதன் வாயில் கொட்டாங்குச்சியும் மரவள்ளிக் குச்சியும் காய்ந்த சுள்ளியும் போட்டார்கள். தீபாவளி விடியலில் அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டு வணங்கிய வீடுகள் உண்டு. ஆனால் எல்லோருக்கும் முன்பே இருட்டில் எழுந்து, புகையில் கண் கசக்கி அதை மூட்டியவர்கள் பெண்கள். இறக்கச் சொன்ன பெரியவர்களில் ஒருவர்கூட அதை மூட்டியவர் அல்லர் என்பதை எங்கள் அத்தைதான் நினைவூட்டினார்.

சமவெளியில் சுள்ளி குறைந்தால் கண்கள் மேற்கே கல்வராயன் மலையை நோக்கித் திரும்பும். சுமார் 2000 அடியிலிருந்து 3000 அடி வரை உயர்ந்த அந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் நீண்டகாலம் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தார்கள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அம்மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சமவெளியைவிடக் குளிர் மிகுந்த அந்த ஊர்களில் வெந்நீர் என்பது இன்றும் தலைச்சுமை விறகோடு பிணைந்த ஒன்று.

'கீசர்' என்ற சொல் ஐஸ்லாந்தின் பீறிடும் வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் தம் எரிவாயுக் கருவிக்கு அப்பெயரைச் சூட்டினார். அதில் புகைபோக்கி இல்லை. எரிந்த வாயு குளிப்பவரின் அறைக்குள்ளேயே பரவியது. காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு கீசரைப் பொருத்துவது இன்றும் உயிருக்கு ஆபத்தானது. எங்கள் சிறிய குளியலறைக்கு அது ஒத்துவராது என முடிவு செய்தோம்.

மின் கீசரில் புகை இல்லை; அதாவது நம் வீட்டில் இல்லை. 100 லிட்டர் நீரின் வெப்பத்தை 30 பாகை உயர்த்த ஏறத்தாழ 3.5 யூனிட் வேண்டும். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருகிறது. 1962 முதல் அங்கே மின் உற்பத்தி நடக்கிறது. சுரங்கத்துக்காக நிலமும் ஊரும் இழந்தவர்கள் நம் அண்டை மாவட்டத்தினர். சுமை மறையவில்லை, தோள்தான் மாறியது.

1891இல் பால்டிமோரின் கிளாரன்ஸ் கெம்ப், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கறுப்புத் தொட்டிகளை வைத்துச் சூரிய வெந்நீர்க் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பகலில் சுட்ட நீர் இரவில் ஆறிவிடுவது அதன் குறை. 1909இல் கலிபோர்னியாவின் வில்லியம் பெய்லி, வெயில் வாங்கும் பகுதியைத் தனியாகவும், வெப்பம் கசியாதபடி போர்த்திய தொட்டியை அதற்கு மேலும் அமைத்தார். சூடான நீர் தானே மேலேறித் தொட்டியில் தங்கி மறுநாள் காலைக்கும் உதவியது. நம் தோழியின் சேமச்செப்பு வேறோர் உருவில் திரும்பி வந்தது எனலாம்.

ஆகவே சூரியனையே தேர்ந்தோம். எங்கள் உப்புநீர் நேரடியாகக் குழாய்களுக்குள் ஓடாமல், வெப்பமாற்றி வழியே சூடேறும் வகையாகப் பார்த்து வாங்கினோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்காகச் சிறு மின்கம்பி ஒன்றும் அதில் உண்டு. ஆகவே நாங்கள் முற்றிலும் சுமை நீங்கியவர்கள் அல்லர். கருவியைச் செய்யவும் எங்கோ நெருப்பு எரிந்திருக்கும். ஆயினும் கடையில் பலரும் கேட்கும் 'எத்தனை நிமிடத்தில் சுடும்?' என்ற கேள்விக்கு முன்னால், 'யார் சுமந்து சுடும்?' என்று ஒருமுறை கேட்டுக்கொண்டோம். பாய்லர் பரணிலேயே இருக்கிறது. அத்தை அதைப் புளி போட்டுத் துலக்கிவைத்தார், மூட்டவில்லை.