பல் வைத்தியம் கிளைவிட்ட வரலாறு

‘பல் போனால் சொல் போச்சு’ என்பர் நம் முன்னோர். ஆயினும் போகும் பல்லைக் காக்கும் வழி மக்களுக்கு நெடுங்காலம் அரிதாகவே கிட்டியது. பல்வலி கண்டால் பல்லைப் பிடுங்குதலே பரிகாரமாயிருந்தது. ஐரோப்பாவில் நாவிதரும், சந்தைதோறும் வித்தை காட்டித் திரிந்தோரும் அத்தொழிலைப் புரிந்தனர். இன்றோ பல் வைத்தியம் பல கிளைகளாக விரிந்து நிற்கின்றது. அக்கிளைகள் வெறும் தொழிற் பாகுபாட்டினால் எழுந்தவையல்ல. பிடுங்குதலால் தீராத இடர்கட்கு விடையாக எழுந்தவை என்பதை வரலாறு உணர்த்துகின்றது.

1728ஆம் ஆண்டில் பியர் போஷார் என்னும் பிரெஞ்சு வைத்தியர், ‘பற் சத்திரவைத்தியர்’ எனப் பொருள்படும் பெயரில் இரு பாகங்கள் கொண்ட நூலொன்றைப் பாரிசு நகரில் வெளியிட்டார். பல்லைப் புழு அரிக்கின்றது என்ற பழைய கொள்கையை அவர் ஏற்றிலர். பூதக்கண்ணாடி கொண்டு நோக்கியும் அப்புழுவைத் தாம் காணவில்லை என்றார். சூத்தையை அடைத்தல், முரசு நோய், கோணற் பற்களை நேராக்கல், செயற்கைப் பல் பொருத்தல் ஆகிய யாவும் அவருடைய ஒரே நூலுள் அடங்கியிருந்தன. பின்னாளிற் கிளைத்த துறைகளுட் பலவற்றின் வித்தை அங்கே காணலாம்.

1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிற் பல் வைத்தியத்திற்கெனத் தனிக் கல்லூரி நிறுவப்பட்டது. அதன்பின் தொழில் கல்வியாயிற்று. கல்வி கிளைக்கத் தொடங்கியது. எட்வேட் ஆங்கிள் என்பார் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையை 1899இல் மூவகையாக வகுத்தார். 1900இல் சென் லூயிசு நகரிற் பற்சீரமைப்புக்கெனத் தனிப் பள்ளியையும் தொடங்கினார்.

முதலாம் உலக யுத்தம் மற்றொரு துறையை வளர்த்தது. பதுங்குகுழிப் போரிலே தாடை சிதைந்த வீரர் பலராயினர். 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் அமைந்த வைத்தியசாலையில், சத்திரவைத்தியர் ஹரல்ட் கில்லிசு தசையையும் தோலையும் சீர்செய்ய, பல் வைத்தியர் கெல்சி பிறை தாடையெலும்பைப் பொருத்தினார். வாய், தாடை, முகம் ஆகியவற்றின் சத்திரசிகிச்சை இத்தகைய கூட்டுழைப்பினால் வளம்பெற்றது.

இவ்வரலாற்றின் மிகக் கடுஞ்சோதனை, அப்போருக்குச் சற்று முன்னரே தொடங்கியிருந்தது. 1910இல் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹன்ரர் மொன்றியால் நகரில் ஆற்றிய உரையில், சீழ்ப்பிடித்த வேர்களின்மேற் பொன் மூடிகளை அமைக்கும் வழக்கத்தைக் கடிந்துரைத்தார். வாயிலுள்ள கிருமிகளே உடலெங்கும் நோய் விளைப்பன என்ற கொள்கை இதனால் வலுத்தது. எக்ஸ் கதிர்ப் படத்தில் வேர்நுனியருகே நிழல் தெரிந்தாற் போதும், பல் பிடுங்கப்பட்டது. மூட்டுவாதம் நீங்குமென நம்பிக் காக்கத்தக்க பற்களையும் எண்ணற்றோர் இழந்தனர். 1938இல் சிசில், ஆஞ்சவைன் என்னும் இருவர் மூட்டுவாத நோயாளர் 200 பேரை ஆராய்ந்து, அவ்வாறு பிடுங்கியதாற் பெரும்பயன் விளையவில்லை எனக் காட்டினர். இதற்கிடையே சில பல் வைத்தியர் கிருமிநீக்க முறைகளைச் செம்மைசெய்து, வேரைத் துப்புரவாக்கிப் பல்லை நிலைபெறச் செய்யும் பணியைக் கைவிடாது தொடர்ந்தனர். அவர்கள் 1943இற் சங்கம் அமைத்தனர்; 1963இல் பல்வேர்ச் சிகிச்சை அமெரிக்காவில் தனிச் சிறப்புத்துறையாக அங்கீகாரம் பெற்றது.

ஹன்ரரின் கண்டனம் முற்றும் பயனற்றதன்று. தூய்மையின் இன்றியமையாமையை அது உணர்த்திற்று. சான்று நிறையுமுன் முடிவு கொண்டதே கேட்டிற்குக் காரணமாயிற்று.

2020இல் வாய்முக வலித்துறையும் சேர, அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற துறைகள் 12 ஆயின. கிளைகள் பலவாயினும் நோயாளியின் வாய் ஒன்றே. எனவே, இன்ன நோய்க்கு இன்ன கிளை வேண்டுமென அறிந்து வழிகாட்டும் பொதுப் பல் வைத்தியரே இம்மரத்தின் அடிமரமாவார். நுணுகிக் கற்பவர் முழுமையை மறவாதிருத்தல் வேண்டும். பல் வைத்தியத்திற்கு மட்டுமன்றி எக்கல்விக்கும் இது பொருந்துமன்றோ!