மின்னி பே மாமாவும் மூடி வைத்த சோறும்

சின்ன வயதில் மின்னி பேயில் எங்கள் பக்கத்து வீட்டில் ராமநாதபுரத்து மாமா ஒருத்தர் இருந்தார். (போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.) சாயங்காலம் குவார்ட்டர் உள்ளே போனதும் சோத்துத் தட்டைத் தள்ளிவிடுவார். "வயிறு நிறைஞ்சிருக்குடி" என்பார். அத்தை மீன்குழம்பை மூடி வைத்துவிட்டு எங்கள் வாசலில் வந்து உட்காருவார்.

மாமா சொன்னது பொய்யில்லை. சாராயம் கிராமுக்கு 7 கலோரி. 180 மில்லி பிராந்தியில் 60 கிராம் சொச்சம் இருக்கும். அதாவது 420 கலோரிக்கு மேல், ஏறக்குறைய 120 கிராம் அரிசிக்குச் சமம். ஆனால் அரிசியில் இருக்கிற புரதம் அதில் கிடையாது, வைட்டமினும் கிடையாது. போதாததற்கு, சாப்பிடுகிற கொஞ்சத்திலிருந்து தயமின் (பி1) குடலில் சேருவதையும் சாராயம் கெடுக்கிறது. 1881-இல் ஜெர்மனியில் வெர்னிக்கே கண் அசைவு கெட்டு, தள்ளாடி, குழம்பிப்போன மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதில் இரண்டு பேர் குடிகாரர்கள். காரணம் தயமின் குறைவு என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

நம்ம ஊர்க் கதை குன்னூரில் இருக்கிறது. 1918-இல் மெக்காரிசன் அங்கே பெரிபெரி ஆராய்ச்சியை ஆரம்பித்தார். சென்னை மாகாணத்தின் வடக்கே, தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட தெலுங்குக் கடற்கரையில்தான் அந்த நோய் அதிகம். புழுங்கல் தின்ற நம் பக்கம் குறைவு. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. பாட்டிமார் பெரிபெரியைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்!

இதற்கு நேர் எதிர்க் கதை ஒன்று. பசிபிக்கில் நவ்ரு என்று ஒரு குட்டித்தீவு. நம்ம நிக்கோபார்க்காரர்கள் மாதிரி அவர்களும் தென்னங்கள் குடிப்பவர்கள். 1920-களில் ஆஸ்திரேலிய நிர்வாகம் கள்ளைத் தடை செய்தது. கொஞ்ச நாளில் கைக்குழந்தைகள் பெரிபெரியில் சாக ஆரம்பித்தன. தீட்டிய அரிசி தின்ற தாய்மாருக்கு பி1 கொடுத்துக்கொண்டிருந்ததே அந்தக் கள்ளில் இருந்த ஈஸ்ட்தான். அங்கிருந்த டாக்டர் ப்ரே அதைக் கண்டுபிடித்து, தாய்மாருக்குத் திரும்பவும் கள் கொடுக்கச் செய்த பிறகு சாவு குறைந்தது.

உடனே "அப்போ கள் நல்லது" என்று யாரும் கிளம்ப வேண்டாம் :-) சொல்ல வந்தது வேறு. காய்ச்சி வடித்தால் ஈஸ்ட் பாத்திரத்திலேயே தங்கிவிடும், சாராயம் மட்டும் பாட்டிலுக்கு வரும். 1987-இல் கள்ளுக்கடைகளை மூடிய தமிழக அரசு, 2003-இல் பிராந்திக் கடைகளைத் தானே நடத்த ஆரம்பித்தது. எந்தக் கணக்கில் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கடைசி வருஷங்களில் மாமாவுக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கடற்கரை ரோட்டில் நடப்பார், நாங்கள்தான் எடுத்துக்கொண்டு ஓடுவோம். டாக்டர் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமா ஒரு நாளும் தவறவிடவில்லை. ராத்திரி அந்தக் குவார்ட்டரோடு சேர்த்துத்தான் விழுங்குவார்.