மசாசுசெற்ஸ்: ஒரு கரையும் ஒரு மொழியும்



யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றைப் படிப்பவர்கள் மசாசுசெற்ஸ் என்ற பெயரை அடிக்கடி சந்திப்பார்கள். வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர் 1789இல் பிறந்த டன்வர்ஸ், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1822இல் பிறந்த வூஸ்ரர், 1815 ஒக்ரோபரில் அமெரிக்க மிசனரிமாரோடு இலங்கை நோக்கிக் கப்பல் புறப்பட்ட நியூபரிபோட் துறைமுகம் ஆகிய மூன்றும் அந்த மாநிலத்தில்தான் உள்ளன. அந்த மண்ணின் கதையில் ஒரு பகுதியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கே அத்திலாந்திக் கடலோரம் அது. படத்திலே பார்த்தால், முழங்கையை மடக்கிக் கடலுக்குள் நீட்டிய கைபோல ஒரு நிலம் தெரியும். கேப் கொட் என்பார்கள். பனியூழியிலே பனிப்பாறைகள் தள்ளி வந்து விட்டுப்போன மணலும் கல்லுமே அந்த நிலம். கொட் என்பது மீனின் பெயர். கல் நிறைந்த மண் கொடுக்காததைக் கடல் கொடுத்தது. பொஸ்ரன் சட்டசபையில் மரத்தாலான கொட் மீன் ஒன்று இன்றும் தொங்குகிறது.

மசாசுசெற்ஸ் என்பது ஆங்கிலச் சொல்லன்று. 'பெரிய மலையருகே' என்ற பொருளில், அங்கு வாழ்ந்த ஆதிக் குடிகளின் பெயர். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் அவர்களது கரையோரக் கிராமங்களை வெறுமையாக்கியது. 1620இல் மேபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகள், அவ்வாறு ஆளற்றுப்போன ஒரு கிராமத்தின் மீதே பிளிமத் குடியிருப்பை அமைத்தனர்.

பின்னர் வந்த ஜோன் எலியற் என்ற போதகர் அம்மக்களின் மொழியைக் கற்றார். சுதேச உதவியாளர் துணையோடு விவிலியத்தை அதிலே பெயர்த்தார். 1663இல் கேம்பிறிட்ஜில் அது அச்சாயிற்று. அமெரிக்காவில் ஆங்கில விவிலியம் அச்சாகுமுன் இது நடந்தது. ஆனால் 1675இல் போர் மூண்டபோது, அந்த நூலை வாசித்த கிறிஸ்தவக் குடிகளையே பொஸ்ரன் துறைமுகத்து மான் தீவில் அடைத்தார்கள். பசியாலும் குளிராலும் பலர் மாண்டனர். வேதத்தை அவர்கள் மொழியில் தந்தவர்களின் சமூகமே அவர்களை நம்பவில்லை. இதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

அம்மொழி மெல்ல மெல்ல நாவிலிருந்து மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் பேசுவோர் இல்லாமற் போயினர். எஞ்சியவை அந்த விவிலியமும், அம்மக்களே தம் கையால் எழுதிய காணி உறுதிகளும் கடிதங்களுமே. 1993இல் வாம்பனோவாக் இனத்தைச் சேர்ந்த ஜெசி லிற்றில் டோ பெயர்ட் என்ற பெண்மணி அவ்வேடுகளிலிருந்து தம் மூதாதையர் மொழியை மீட்கப் புறப்பட்டார். மொழியியல் கற்றார், அகராதி தொகுக்கும் பணியைத் தொடங்கினார். அவருடைய மகள், நூறாண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பின், அதைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த முதற் குழந்தையானாள்.

ஏடு மட்டும் ஒரு மொழியைக் காத்துவிடாது. எலியற்றின் நூலாலும் அது முடியவில்லை. ஆனால் ஏடில்லாவிட்டால் திரும்பி வருவதற்கு வழியே இருந்திராது. கிறீன் தமிழில் ஆக்கிய மருத்துவ நூல்களை நினைக்கும்போது, நாம் அவற்றை எங்கே வைத்திருக்கிறோம் என்ற கேள்வியும் எனக்குள் எழுகிறது. எழுதப்பட்டதைப் பேணுவது ஒரு கடமை. அதைப் பிள்ளைகளின் வாயிலே வாழவைப்பது அதனிலும் பெரிய கடமை.