தண்டித்தவர்கள் தோற்ற வழக்கு
இந்திய தேசிய ராணுவமும் தில்லிச் செங்கோட்டையும்

இந்திய தேசிய ராணுவம் போர்க்களத்தில் தோற்ற படை. இம்பாலை அது பிடிக்கவில்லை. தில்லிக்கு அது வந்து சேர்ந்தது கைதியாகத்தான். ஆனால் அந்தக் கைதிகளை விசாரித்த சாம்ராஜ்யம் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் தில்லியைவிட்டே கிளம்பிவிட்டது. இந்தக் கதையை நாம் வழக்கமாக மூன்று அதிகாரிகளின் பெயரோடு முடித்துவிடுகிறோம். படைக்கு ஆளும் பணமும் தந்த மலாயாத் தமிழர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமை பெறும். தில்லித் தமிழர் படிக்கும் ஒரு மலரில் அதைச் சொல்வது பொருத்தமும்கூட.

கைவிடப்பட்ட சிப்பாய்கள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் திரட்டினார்கள். கர்னல் ஹன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, இனி ஜப்பானியர் சொற்படி நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லி அவர்களை ஒப்படைத்துவிட்டுப் போனார். ஜப்பானிய மேஜர் ஃபூஜிவாரா அவர்களைப் பஞ்சாப் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங்கின் பொறுப்பில் விட்டார். ஆட்டு மந்தையைப் போலக் கைமாற்றப்பட்டோம் என்ற ஆத்திரம் அன்று பலர் மனத்தில் விழுந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் முறையாக அமைந்த படை, டிசம்பரிலேயே தடுமாறியது. ஜப்பானியரோடு மோதிய மோகன் சிங் கைதானார். ராஷ் பிஹாரி போஸ் கட்டிக்காத்து வைத்திருந்த இயக்கத்தை 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் ஏற்றார். ஜூலை 5 அன்று பாடாங் திடலில் 'சலோ தில்லி' முழக்கம் எழுந்தது. அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு பிரகடனமானது. ஜப்பானும் ஜெர்மனியும் அவற்றின் அணியைச் சேர்ந்தவையுமாக ஒன்பது அரசுகள் அதை அங்கீகரித்தன.

தோட்டத்திலிருந்து முகாமுக்கு

சரணடைந்த சிப்பாய்கள் மட்டும் இருந்திருந்தால் இது கைதிகளின் படையாகவே நின்றிருக்கும். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள்தான் அதை மக்கள் படையாக்கினார்கள். விடியலில் பால்மரம் வெட்டப் போய், கங்காணிக்கும் கிராணிக்கும் பயந்து, துரையின் கார் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்ற மக்கள் அவர்கள். தேசபக்தி ஒன்றே அவர்களை இழுத்தது என்று சொல்வது மிகை. போரில் தோட்ட வேலை நின்றது. அரிசி கிடைக்கவில்லை. சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துப் போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் திரும்பி வரவேயில்லை. அதற்குப் படை மேல் என்று வந்தவர்களும் உண்டு. ஆனாலும் சீருடை அணிந்து நிமிர்ந்து நிற்கப் பழகியவர்கள் பழையபடி குனியவில்லை.

ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர் சென்னை டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அவருடைய படையில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். வசதியான வீட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். கோலாலம்பூர் ஜானகி தேவர் சுபாஷின் பேச்சைக் கேட்ட இடத்திலேயே காதிலிருந்த வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டில் எதிர்ப்பு இருந்தும் படையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18. பின்னாளில் அந்தப் படையின் இரண்டாம் நிலைத் தலைவரானார்.

1944-ல் இம்பால், கோகிமா போர்களில் படை நொறுங்கியது. அந்த ஏப்ரலில் மொய்ராங்கில் மூவர்ணக் கொடி ஏறியதே மிஞ்சிய பெருமை. பசியும் மலேரியாவும் பருவமழையும் குண்டுகளுக்குச் சமமாக ஆளைக் கொன்றன. மறு ஆண்டு ரங்கூன் விழுந்தபோது கதை முடிந்ததாகவே பிரிட்டிஷார் நினைத்தார்கள்.

கோட்டைக்குள் ஒரு கோர்ட்டு

பிடிபட்டவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். விசுவாசம் மாறாதவர் வெள்ளை, மனம் மாறி எதிர்த்தவர் கறுப்பு. கறுப்பு வகையில் முதலில் மூவரை விசாரணைக்கு நிறுத்தினார்கள்: ஷா நவாஸ் கான், பிரேம் குமார் ஸெஹ்கல், குர்பக்ஷ் சிங் தில்லோன். இடம் செங்கோட்டை. 1858-ல் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாஃபரை விசாரித்து ரங்கூனுக்கு நாடு கடத்தியதும் இங்கேதான். கலகக்காரர் கதி இதுதான் என்று இன்னொரு தடவை காட்டப் பார்த்தார்கள்.

ராணுவ நீதிமன்றம் 1945 நவம்பர் 5 அன்று கூடியது. தேர்ந்தெடுத்த மூவரில் ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். பிரித்தாளத் தெரிந்த அரசு செய்யக்கூடாத காரியத்தைச் செய்தது. மூன்று பெயரையும் சந்தம் சேர்த்து ஊரெல்லாம் கோஷம் போட்டார்கள். போர்க்காலத் தணிக்கையால் இந்தப் படையைப் பற்றி நாட்டில் பலருக்குத் தெரியாமலே இருந்தது. இப்போது அரசே நடத்திய வழக்கு அதன் வரலாற்றைத் தினமும் பத்திரிகைக்குக் கொடுத்தது. ஜப்பானியரோடு சுபாஷ் வந்தால் எதிர்த்து நிற்பேன் என்று 1942-ல் சொன்ன நேரு, எத்தனையோ ஆண்டுகளாக அணியாத வக்கீல் அங்கியை மாட்டிக்கொண்டு இவர்களுக்காக வந்து உட்கார்ந்தார். தேஜ் பகதூர் சாப்ரு, கைலாஷ் நாத் கட்ஜு, ஆஸஃப் அலி ஆகியோரும் இருந்தார்கள். வாதத்தின் முழுச்சுமையைத் தாங்கியவர் புலாபாய் தேசாய். உடல்நலம் குன்றியிருந்த அவர் 1946 மே மாதம் காலமானார்.

அரசின் வாதம் எளிமையானது: மன்னருக்குச் சத்தியம் செய்த சிப்பாய் மன்னரை எதிர்த்துப் போரிட்டது துரோகம். தேசாய் அதை அடியிலிருந்தே அசைத்தார். அடிமைப்பட்ட மக்களுக்கு விடுதலைக்காகப் போர் தொடுக்கும் உரிமை உண்டு. தனி அரசும் படையும் உள்ளவர்கள் நடத்தியது போர், குற்றமல்ல. 1776-ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் இதே மன்னர் பரம்பரைக்கு எதிராக எழுந்தபோதும் தேசமா அரசனா என்ற இதே கேள்விதான் எழுந்தது. அங்கே கலகக்காரர்கள் களத்தில் வென்றதால் அவர்கள் நாட்டுத் தந்தையர் ஆனார்கள். இங்கே களத்தில் தோற்றவர்கள் கூண்டில் நின்றார்கள். தற்காலிக அரசின் பிரசார அமைச்சராக இருந்த தமிழர் எஸ்.ஏ. ஐயரும் சாட்சி சொல்ல வந்தார். முன்பு ராய்ட்டர் நிருபராக இருந்தவர் அவர்.

மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம் மூவர்மீதும் நிரூபணமானதாகத் தீர்ப்பு. ஆயுள் நாடுகடத்தல் தண்டனை. 1946 ஜனவரி 3 அன்று தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை ரத்து செய்து, பதவிநீக்கத்தோடு மூவரையும் வெளியே விட்டார். தண்டனையை நிறைவேற்றினால் நாடு கொந்தளிக்கும், ராணுவமே கலைந்துபோகலாம் என்று தம் மூத்த அதிகாரிகளுக்கு அவரே எழுதினார்.

பயம் வீண் இல்லை. பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' கடற்படைத் தளத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் 78 கப்பல்களுக்குப் பரவியது. மறுநாள் அமைச்சரவைத் தூதுக்குழு வரும் என்று லண்டனில் பிரதமர் அட்லி அறிவித்தார். போரால் ஓட்டாண்டியான பிரிட்டன், 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம், புதிய தொழிற்கட்சி அரசு எல்லாம் காரணங்கள்தான். ஆனால் இந்தியாவை இந்தியச் சிப்பாயை வைத்தே ஆண்டவர்களுக்கு, அந்தச் சிப்பாய் இனிக் கேள்வி கேட்பான் என்று புரிந்தது செங்கோட்டை வழக்கில்தான்.

வழக்கில் வராதவர்கள்

மூவர்மீதும் இருந்த குற்றத்தின் வேர், மீறப்பட்ட சத்தியம். பால்மரம் வெட்டியவர்கள் எந்த மன்னருக்கும் சத்தியம் செய்ததில்லை. ராணுவச் சட்டம் அவர்களைத் தொடாது. ஆகவே செங்கோட்டையில் அவர்களுக்குக் கூண்டும் இல்லை, கோஷமும் இல்லை. பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டுத் தோட்டத்துக்கே திரும்பினார்கள்.

திரும்பியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1946-ல் தோன்றிய மலாயா இந்தியக் காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் தீவி, சுபாஷின் இயக்கத்தில் இருந்தவர். அதைத் தொடங்கியவர்களில் ஜானகியும் ஒருவர். கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். அந்த அணிவகுப்பு எங்கே கற்றது என்று தோட்டத் துரைகளுக்குத் தெரிந்தே இருந்தது.

இங்கே சுதந்திர அரசு, இந்தப் படையினரை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. 1972-ல் வந்த தியாகி பென்ஷனில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது. செங்கோட்டையில் 2019 ஜனவரி 23 முதல் நேதாஜி அருங்காட்சியகம் இருக்கிறது. முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் நாம் போகும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் மூன்றெழுத்து இந்தப் படையின் பெயர்தான்.

மலாயாவிலும் பர்மாவிலும் இருந்து திரும்பிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. தாத்தாவின் தாமிரப் பட்டயத்தையும் பாட்டியின் முகாம் படத்தையும் பெட்டியில் வைத்திருக்கும் வாரிசுகளில் சிலர் தில்லியிலும் இருக்கக்கூடும். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, படங்களுக்கு நகல் எடுத்து, ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலையை நம் சங்கங்கள் எடுத்துக்கொள்ளலாம். பெரிய செலவில்லை, கேட்டு எழுத ஆள் வேண்டும், அவ்வளவுதான்.