கோரல் நூற்பாலை வேலைநிறுத்தம்

கோரல் நூற்பாலை வேலைநிறுத்தம் என்பது, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த தூத்துக்குடியில் 1908ஆம் ஆண்டு பருத்தி நூற்பாலைத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் ஆகும்.

பஞ்சின் குறுகிய இழைகளை ஒழுங்காக்கி, நீட்டி, முறுக்கும்போது அவை ஒன்றையொன்று பற்றி நூலாகின்றன. இத்தொழிலுக்காகப் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு ஆலை நடத்திய ஹார்வி நிறுவனத்தாரே, துறைமுக நகரான தூத்துக்குடியில் கோரல் ஆலையையும் நடத்தினர்.

கூலி உயர்வு, வார விடுமுறை முதலியவற்றைக் கோரி பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியிருந்த வ. உ. சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களுக்குத் தலைமையேற்றனர். மார்ச் மாதத் தொடக்கத்தில் நிர்வாகம் கோரிக்கைகளுக்கு இணங்கியது. ஆனால் மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த மக்கள் கிளர்ச்சியின்போது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.